அடுத்த பருவத்துக்கு எந்தத் தக்காளி? ராமநாதபுரம் கடலோரத் தோட்டங்களுக்கான ரகத் தேர்வு

சித்திரைக் கடைசியில் காய்ப்பு ஓய்ந்து, செடிகளைப் பிடுங்கிப் பாத்தியைக் காலி செய்யும் வேளையில்தான், வரும் ஐப்பசியில் எந்த விதையை நாற்றங்காலில் இடுவது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். ஐப்பசி வரை தள்ளிப்போட்டால், அன்றைக்கு விதைக்கடையில் இருக்கும் பொட்டலமும், நினைவில் தங்கிவிட்ட ஒன்றிரண்டு பெரிய பழங்களும் நமக்குப் பதிலாக முடிவெடுத்துவிடும். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில், வீட்டுத் தேவைக்கும் மிஞ்சினால் அக்கம்பக்கத்துக்குமாகத் தக்காளி வைத்து வரும் நான், ரகங்களைக் கழிப்பதிலும் வைத்துக்கொள்வதிலும் பின்பற்றுகிற முறையை இங்கே எழுதுகிறேன். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கிக் கீழக்கரை, சாயல்குடி வரை மணலும் சவர்த்தண்ணீரும் கடற்காற்றும் உள்ள தோட்டங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். உள்ளே தள்ளி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வேறு கணக்குகள் உண்டு.

ஒரு ரகம் நன்றாகக் காய்த்தது அல்லது ஏமாற்றிவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், அது அந்த ரகத்தின் குணமா, அது நின்ற இடத்தின் குணமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நம் கடலோரத்தில் ஒரே தோட்டத்துக்குள் பத்தடி தள்ளினால் தண்ணீரும் மண்ணும் காற்றும் மாறிவிடுகின்றன. ஆகவே மற்ற ஊர்களைவிட இங்கே இந்தக் குழப்பம் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பி.கே.எம் 1 என்ற தக்காளி ரகத்தின் நாற்றுகளைக் கிணற்றடியிலும், அர்கா விகாஸ் என்ற மற்றொரு ரகத்தின் நாற்றுகளைக் கடலைப் பார்த்த வேலியோரத்திலும் நட்டேன். வாய்க்காலின் கடைமடை அந்த வேலியோரம்தான். மாசியில் பார்த்தபோது கிணற்றடிச் செடிகள் கிளைக்குக் கிளை காய்த்திருந்தன. வேலியோரத்துச் செடிகளோ இலை நுனி கருகி, எலுமிச்சையளவு காய்களோடு நின்றன. ‘இந்த ரகம் நம் மண்ணுக்கு ஆகாது’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். அந்த மாதமே பக்கத்து ஊரிலிருந்து அத்தாச்சி ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். “நீ குடுத்த நாத்துத்தான் தம்பி, இந்த மாசம் குழம்புக்குத் தக்காளி வாங்கவே இல்லை” என்றார். என்னிடம் மிஞ்சிய அதே அர்கா விகாஸ் நாற்றுகள்தாம் அவை. குழாய்த் தண்ணீரில் பாத்திரம் அலசி, அந்த நீரையே ஊற்றி வளர்த்திருந்தார். மண் ஒன்றுதான், மாதமும் ஒன்றுதான். தண்ணீர் மட்டுமே வேறு. அடிக்கோட்டை அழித்தேன். அந்த ஆண்டிலிருந்துதான் நான் ரகங்களை நடும் முறையே மாறியது.

நடும்போதே தேர்வு தொடங்குகிறது

ஒப்பிட விரும்பும் ஒவ்வொரு ரகத்திலும் குறைந்தது ஆறு முதல் எட்டுச் செடிகளாவது வேண்டும். ஒற்றைச் செடியை வைத்து ரகத்தை எடை போட முடியாது. அதன் வேரில் ஒரு புழு இருந்திருக்கலாம், அல்லது ஆட்டுப் புழுக்கை அங்கே மட்டும் கூடுதலாக விழுந்திருக்கலாம். அந்த ஆறு அல்லது எட்டையும் ஒரே வரிசையில் நடாமல், கிணற்றருகே சில, நடுப்பாத்தியில் சில, கடைமடையில் சில என்று பிரித்து நட்டால், எல்லா ரகங்களும் நல்ல இடத்தையும் மோசமான இடத்தையும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. மூன்று இடங்களிலும் ஒரு ரகம் முந்தி நின்றால் அது ரகத்தின் குணம். கிணற்றடியில் மட்டும் முந்தினால், நல்ல தண்ணீர் கிடைத்தால் நன்றாகக் காய்க்கும் ரகம் என்று மட்டுமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் அவசியம். ஆண்டுதோறும் மாறாமல் ஒரு ரகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பி.கே.எம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதி மாற்றத்தின் வழியாக உருவாக்கிய ரகம் அது. பழம் சற்றே தட்டையாக, காம்புப் பக்கத்துத் தோள் பச்சையாக இருக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது என்பதால் அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. அதன் போக்கு எனக்குப் பழகிவிட்டது, விதையும் என்னிடமே இருக்கிறது. மழை தவறிய ஆண்டில் எல்லா ரகமும் இளைக்கும். மழை வாய்த்த ஆண்டில் எல்லாமே கொழிக்கும். அளவுகோல் ரகத்தைவிட மற்றவை எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று பார்த்தால் மட்டுமே ஓர் ஆண்டின் முடிவை மற்றோர் ஆண்டோடு ஒப்பிட முடியும்.

நெகிழி அட்டையில் மைப்பேனாவால் எழுதிய பெயர் நம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும். பனை மட்டைத் துண்டைச் சீவி, பென்சிலால் எழுதி நட்டால் பருவம் முடியும் வரை நிற்கிறது. எந்தச் செடி எந்த ரகம் என்று தெரியாமல் போனால் அந்த ஆண்டு உழைப்பில் பாதி வீண். ஆகையால் பாத்தியின் வரைபடம் ஒன்றை நோட்டிலும் போட்டுவையுங்கள்.

தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தல்

கடலோர மணலில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் கிணற்று நீர் ஏறக்குறைய நல்ல தண்ணீராக இருப்பதும், இறைக்க இறைக்கப் பங்குனியில் சவர் ஏறுவதும் இதனால்தான். ஆக, ஒரே செடி தன் இளமையில் ஒரு தண்ணீரையும் காய்ப்புக் காலத்தில் வேறொரு தண்ணீரையும் குடிக்கிறது. தையில் தழைத்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்குவது இதனால் தவறாகிவிடுகிறது.

தக்காளி உப்பை ஓரளவுதான் தாங்கும். வேர் மண்டலத்து மண் கரைசலில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2.5 டெசிசைமனைத் (அத்திறனை அளக்கும் அலகு) தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கி, அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழப்பு ஏற்படும் என்பது வேளாண் நூல்களில் பரவலாகக் காணப்படும் கணக்கு. பாசன நீரைப் பொறுத்தவரை அந்த எல்லை சுமார் 1.7 டெசிசைமன். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும், குடிநீரைச் சோதிக்கப் பலர் வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரில், ஒரு டெசிசைமனுக்கு 640 என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால், இது ஏறத்தாழ 1,100 ஆகும். மாதம் ஒரு முறை கிணற்று நீரை அளந்து, அந்த எண்ணை நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்து ‘நல்ல தண்ணீர், லேசான சவர், கடும் சவர்’ என்று எழுதினாலும் ஒன்றும் எழுதாததைவிட மேல்.

சவர் ஏறும்போது ரகத்துக்கு ரகம் வேறுபடுவது மூன்று இடங்களில் தெரியும். முதலாவது பழத்தின் அளவு. எல்லா ரகத்திலும் பழம் சிறுக்கும். ஆனால் சிலவற்றில் எண்ணிக்கை குறையாமல் அளவு மட்டும் குறைகிறது, வேறு சிலவற்றில் இரண்டுமே குறைகின்றன. முதல் வகையை வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் சவரில் சிறுத்த பழத்தில் இனிப்பும் புளிப்பும் செறிந்திருக்கும், குழம்புக்கு அது குறையில்லை. இரண்டாவது, பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோலாகிப் போகும் பூமுனை அழுகல். இது கிருமியால் வருவதன்று. வேர் சுண்ணாம்புச் சத்தைப் பழத்துக்கு அனுப்ப முடியாமல் போவதால் வருவது. உப்பும், விட்டுவிட்டுப் பாய்ச்சும் தண்ணீரும் அதைக் கூட்டும். நீள்வடிவப் பழ ரகங்களில் இது பொதுவாகக் கூடுதல். எனவே நீளப் பழத்தில் ஆசை உள்ளவர்கள் ஒரு பருவம் கடைமடையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது இலை. கீழ் இலை ஓரம் கருகினாலும் மேல் இலை பச்சையாகத் தொடர்ந்து நிழல் கொடுக்கும் ரகத்தில் பழம் வெயிலில் வெந்து வெளுப்பதில்லை.

மழை நன்றாகப் பெய்து, பங்குனி வரை கிணறு இனித்துக் கிடந்த ஆண்டில் எந்த ரகமும் சோதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டில் முதலிடம் பிடித்த புதிய ரகத்துக்கு நான் முழுப் பாத்தியைக் கொடுப்பதில்லை.

வெப்பத்தைக் கணக்கிடும்போது வரும் தவறு

ஐப்பசிக் கடைசியில் விதைத்து, 25 முதல் 30 நாள் நாற்றைக் கனமழை ஓய்ந்த பிறகு மார்கழித் தொடக்கத்தில் நட்டால், தையில் பூக்கும். மாசிக் கடைசியில் முதல் பறிப்பு வரும். பூ கருவுற்றதிலிருந்து பழம் சிவக்க ஏறத்தாழ 45 முதல் 55 நாள் ஆகிறது. இந்த இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பங்குனியில் கூடை கூடையாகப் பறித்தால், ‘வெயிலிலும் காய்க்கிற ரகம்’ என்று மெச்சுகிறோம். உண்மையில் அந்தப் பழங்கள் தை, மாசிக் குளிர்ச்சியில் பிடித்த பிஞ்சுகள். பங்குனி வெயிலில் அந்தச் செடி என்ன செய்தது என்பது சித்திரைக் கடைசியில்தான் கூடையில் தெரியும். அதற்குள் நாம் நோட்டை மூடிவிடுகிறோம்.

ஆகவே வெப்பத்தைத் தாங்கும் குணத்தைப் பழத்தின் எடையில் தேடாமல் பூவில் தேடுங்கள். பங்குனி முதல் வாரத்தில் ஒவ்வொரு ரகத்திலும் மூன்று செடிகளில் ஒவ்வொரு பூங்கொத்துக்கு நூல் கட்டி, பூக்களை எண்ணிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து எத்தனை பிஞ்சாகியிருக்கின்றன, எத்தனை காம்போடு உதிர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும், ஆனால் பருவம் முழுவதும் எடை போட்டாலும் கிடைக்காத விடை இதில் கிடைக்கும். பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவது மட்டும் சிக்கலன்று. இரவு வெப்பம் சுமார் 24 பாகைக்கு மேலேயே நிற்கும்போது மகரந்தம் வீரியம் இழந்து பூ கருவுறாமல் உதிர்கிறது. கடலை ஒட்டிய நம் ஊர்களில் பகல் வெயில் மதுரையைவிடச் சற்று மட்டுப்பட்டாலும், கடற்காற்றின் ஈரத்தால் பங்குனி, சித்திரை இரவுகள் குளிர்வதில்லை. உள்மாவட்டங்களில் பெயர் பெற்ற கோடை ரகம் இங்கே வந்து பூவை உதிர்ப்பதற்கு இந்த இரவுதான் காரணம் என்று கருதுகிறேன்.

நிறத்தை வைத்து ஒரு ரகத்தை ஒதுக்குவதற்கு முன்பும் வெப்பத்தை நினைவில் கொள்ளுங்கள். 30 பாகைக்கு மேல் போகும்போது சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டு மஞ்சள் நிறமி மேலோங்குகிறது. சித்திரைப் பழம் ஆரஞ்சு நிறமாக இருப்பது விதையின் குற்றமாகாது. பழத்தைச் செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் நிழலில் பழுக்கவைத்துப் பார்த்தால் அந்த ரகத்தின் இயல்பான நிறம் தெரியும்.

நோயும் வேரும்

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் நம் பகுதியில் ரகங்களை ஈவிரக்கமின்றிப் பிரித்துக்காட்டிவிடும். நட்ட ஒரு மாதத்துக்குள் சுருண்ட செடியில் ஒன்றும் கிடைக்காது. காய்ப்பு தொடங்கிய பின் சுருண்ட செடியில் பாதியாவது கிடைக்கும். ஆகவே எத்தனை செடி சுருண்டது என்பதோடு, முதற்செடி எந்தத் தேதியில் சுருண்டது என்பதையும் எழுத வேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகம், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்குமாறு உருவாக்கப்பட்டது. வெள்ளை ஈ மிகுந்த தோட்டங்களில் அதை ஒரு வரிசையாவது வைத்துப் பார்ப்பது நல்லது.

மணல் நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத எதிரி வேர்முடிச்சு நூற்புழு. செடியை வெட்டி எறியாமல், ஈரம் காட்டி வேரோடு பிடுங்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தால் முடிச்சுகள் தெரியும். ஒரு ரகத்தில் எட்டுச் செடியில் ஏழு வேர் முடிச்சிட்டிருக்க, பக்கத்து ரகத்தில் இரண்டு மட்டுமே முடிச்சிட்டிருந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தப் பருவத்தின் மிக முக்கியமான தகவல். ஆனால் பொட்டலத்தில் ‘நூற்புழு எதிர்ப்பு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தக்காளியில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் மரபணு, மண்ணின் வெப்பம் 28 பாகையைத் தாண்டும்போது தளர்ந்துவிடுகிறது. நம் மணல் பங்குனியில் அதைத் தாண்டாத நாள் அரிது. மூடாக்குப் போட்ட பாத்தியில் அதே ரகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம்.

அடுக்களையில்

விளைச்சலில் முந்திய மூன்று நான்கு ரகங்களை அடுக்களைக்கு அனுப்பி, பெயர் சொல்லாமல் எண் மட்டும் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். மீன் குழம்பில் புளி தனியாக இருப்பதால், கரைந்து குழம்போடு சேரும் சதைதான் வேண்டும். தோல் தடித்த தக்காளி நகரைப் போலவோ வாளையைப் போலவோ மென்மையான மீனோடு ஒட்டாமல் தனியே மிதக்கும். ரசத்துக்குச் சாறும் புளிப்பும் மிகுந்த நாட்டுத் தக்காளிக்கு இணையில்லை. சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கோ கெட்டித்தோல் இல்லாமல் முடியாது. இவை மூன்றையும் ஒரே ரகத்தில் எதிர்பார்த்து, எதிலும் முழுமையில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, வீட்டுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என்று இரண்டை வைத்துக்கொள்வது மேல். ஒரே நாளில் பறித்த பத்துப் பழங்களை முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றும் எத்தனையாவது நாளில் தளர்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பதும் வைத்துக்கொள்வதும்

முடிவெடுக்கும் நாளில் நான் முதலில் கடைமடைச் செடிகளின் கணக்கைத்தான் பார்க்கிறேன், கிணற்றடிச் செடிகளின் கணக்கைப் பிறகு. நல்ல இடத்தில் மிகுதியாகக் காய்ப்பதைவிட, மோசமான இடத்தில் வெறுங்கையோடு அனுப்பாத ரகமே நம் கடலோரத்துக்கு வேண்டியது. மழை எப்படி வாய்க்கும் என்று தெரியாத மாவட்டத்தில் இருக்கிறோம்.

இலைச்சுருளில் பெரும்பகுதி செடிகளை இழந்த ரகத்தையும், அடுக்களை ஒரே குரலில் மறுத்த ரகத்தையும் ஓர் ஆண்டிலேயே கழித்துவிடலாம். மற்றவற்றுக்கு இரண்டாவது ஆண்டு கொடுங்கள், ஆனால் இடத்தை மாற்றிக் கொடுங்கள். 40 செடிக்கு இடமிருந்தால், இரண்டு மூன்று பருவம் சோதித்த ரகங்களுக்கு 24, இரண்டாம் ஆண்டுச் சோதனைக்கு 10, புதியது ஒன்றுக்கு 6 என்பது என் பங்கீடு. ஆண்டுக்கு ஒரே ஒரு புதிய ரகம் போதும். ஐந்தாறு புதியவற்றை ஒரே பருவத்தில் கொண்டுவந்த ஆண்டில், எதைப் பற்றியும் உறுதியாக ஒரு வரி எழுத முடியாமல் போனது.

விதையை எடுத்துவைத்தல்

பொட்டலத்தில் ‘எஃப் 1’ அல்லது ‘வீரிய ஒட்டு’ என்றிருந்தால் அதன் பழத்திலிருந்து விதை எடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒரு செடியைப் போல மறு செடி இராது. அர்கா ரக்ஷக் பிடித்திருந்தால் ஆண்டுதோறும் புது விதைதான் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.கே.எம் 1, அர்கா விகாஸ், நாட்டுத் தக்காளி போன்றவற்றில் நாமே விதை எடுக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு நம் சவருக்குத் தாங்கிய செடியிலிருந்து எடுத்துக்கொண்டே போவதால் கிடைக்கும் பயனும் இவற்றில்தான் உண்டு.

பெரிய பழத்தைத் தேடாமல் நல்ல செடியைத் தேடுங்கள். நோயின்றி, கடைமடையிலும் காய்த்த நான்கைந்து செடிகளை மாசியிலேயே துணி கட்டி அடையாளமிட்டு, அவற்றின் இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழங்களை விதைக்கென்று விட்டுவிட வேண்டும். கடைசியாக மிஞ்சிய பழங்களில் விதை எடுப்பது பலரின் வழக்கம். அதில் இரண்டு கேடுகள் உண்டு: பிந்திக் காய்க்கும் குணத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம், மேலும் வெப்பத்தில், மகரந்தத்தை ஏற்கும் முனையான சூல்முடி பூவுக்கு வெளியே நீண்டுவிடுவதால் அயல் மகரந்தம் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்வதால், தை, மாசியில் பிடித்த பிஞ்சின் விதை கலப்பின்றி இருக்கும்.

நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு மண்சட்டியில் நிழலில் வையுங்கள். நம் வெக்கையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் வழுவழுப்பு விடும். அதற்கு மேல் விட்டால் சட்டியிலேயே முளைவிடும். நன்றாக அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். தகரத்திலும் வெயிலிலும் காயவைத்தால் விதையின் உயிர் போய்விடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காகிதப் பொட்டலம் மட்டும் போதாது. வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு கைப்பிடி கண்ணாடிச் சீசாவில் போட்டு, ரகமும் ஆண்டும் எழுதிய பொட்டலத்தை அதன்மேல் வைத்து இறுக மூடினால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத் திறன் நிற்கும்.

எடுத்த விதையில் ஒரு பங்கை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள். என்னுடையது அத்தாச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது. புரட்டாசி முதல் வாரத்தில் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டிவைத்து, எட்டாம் நாள் எண்ணிப் பாருங்கள். பதினான்குக்குக் குறைவாக முளைத்தால் அந்த ரகத்தை நாற்றங்காலில் இரட்டிப்பாக விதைக்க வேண்டும். ஐந்துகூட முளைக்காவிட்டால் வேறு வீட்டில் வைத்த பங்கைக் கேட்டு வாங்க ஐப்பசி வரை இன்னும் நாள் இருக்கும்.